பட்டறைப் பக்கம்: மெஷின் கடைசியில் வரட்டும்!

‘‘என் மகன் கிரில் பட்டறை வைத்திருக்கிறான். இப்போது ‘பிளாஸ்மா கட்டிங் மெஷின் வாங்கப் போறேன்’ என்கிறான். ‘கேஸ் சிலிண்டரே வேணாம்மா. கரண்ட்ல சொருகுனா போதும், வெண்ணெய் மாதிரி வெட்டும். வெடிக்கிற பயமும் இல்ல’ என்கிறான். வீடியோவில் பார்த்தால் பொறி பறக்கிறது. பட்டறை எங்கள் வீட்டை ஒட்டியே இருக்கிறது. பேரன் எந்நேரமும் அங்கேதான் சுற்றுவான். வாங்கலாமா, வேண்டாமா?’’

பெயர் போட வேண்டாம் என்று சொல்லி, திருமங்கலத்திலிருந்து ஒரு அம்மா அனுப்பிய கேள்வி இது.

வாங்கலாம் அம்மா, தாராளமாக வாங்கலாம். ஆனால், மெஷினைக் கடைசியாக வாங்கச் சொல்லுங்கள். கரண்ட், எர்த், காற்று, இடம் என்ற நான்கும் முதலில் தயாராகட்டும். ‘சொருகினால் போதும்’ என்று தம்பி சொல்கிறாரே, அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது, வீண் செலவும் இருக்கிறது.

கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் மட்டுமல்ல, மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் சாலையோரப் பட்டறைகளிலும் இன்று இந்த மெஷின் பற்றிய பேச்சு இருக்கிறது. டிராக்டர் டிரெய்லர், எவர்சில்வர் கேட், ஹோட்டல் அடுப்பு மேடை, பரோட்டா கல் என்று தகடு வெட்டும் வேலை எங்கும் உண்டு. கட்டிங் வீல் போட்டு அரை மணி நேரம் மல்லுக்கட்டும் வேலையை இது சில நிமிடங்களில் முடித்துவிடும். அதனால் ஆசைப்படுவதில் தப்பில்லை. முதலில் அது என்ன என்று தெரிந்துகொள்வோம்.

மின்னல் துண்டு

பனிக்கட்டியைச் சூடாக்கினால் தண்ணீர். தண்ணீரைச் சூடாக்கினால் ஆவி. வாயுவை இன்னும் கடுமையாகச் சூடாக்கினால் அதன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, அந்த வாயுவே கரண்டைக் கடத்த ஆரம்பித்துவிடும். அதுதான் பிளாஸ்மா. இந்தப் பெயரை 1928-ல் வைத்தவர் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்முயர். வானத்து மின்னல் பிளாஸ்மா. எரியும் டியூப் லைட்டுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான்.

கட்டிங் மெஷினில் என்ன நடக்கிறது? டார்ச்சின் உள்ளே ஓர் எலக்ட்ரோடு, அதற்கு முன்னால் சின்ன ஓட்டை உள்ள நாசில். கம்ப்ரஸர் காற்று அந்த ஓட்டை வழியாகப் பீறிட்டு வரும்போது, கரண்ட் அதைப் பிளாஸ்மாவாக்குகிறது. அதன் சூடு 20,000 டிகிரி செல்சியஸ் வரை போகும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். அந்தச் சூட்டில் இரும்பு உருகுகிறது, காற்றின் வேகம் உருகியதை ஊதித் தள்ளுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

அமெரிக்காவின் யூனியன் கார்பைடு கம்பெனியில் ராபர்ட் கேஜ் என்பவர் இதை உருவாக்கி, 1957-ல் காப்புரிமை பெற்றார். கேஸ் கட்டிங்கால் முடியாத வேலைக்கு ஒரு வழி தேவைப்பட்டது. கேஸ் கட்டிங்கில் ஆக்சிஜன் இரும்பை எரித்து வெட்டுகிறது. எவர்சில்வரும் அலுமினியமும் அப்படி எரியாது. பிளாஸ்மாவோ உருக்கி வெட்டுவதால், கரண்ட் கடத்தும் எந்த உலோகத்தையும் வெட்டும்.

கரண்ட்: 16 ஆம்பியர் பிளக் தாங்காது

சின்னப் பட்டறைக்குப் பெரும்பாலும் 40 ஆம்பியர் மெஷின் வாங்குகிறார்கள். 10 மி.மீ. தகடு வரை நன்றாக வெட்டும். அந்த 40 ஆம்பியர் வெளியே வர, உள்ளே எவ்வளவு இழுக்கும்? சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்டில் சுமார் 25 முதல் 30 ஆம்பியர். வீட்டில் ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் இருக்கும் பெரிய பிளக்கே 16 ஆம்பியர்தான். அதில் சொருகினால் முதல் நாள் ஓடும். பத்தாவது நாள் பிளக் உருகி வாடை வரும். அதற்கடுத்து என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதோடு கம்ப்ரஸரும் ஓடும். 3 எச்.பி. மோட்டார் என்றால் 2.2 கிலோவாட் தனி. அது ஸ்டார்ட் ஆகும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஆகவே:

• முதலில் இ.பி. ஆபீஸ் போய், வாங்கியிருக்கும் லோடு எவ்வளவு என்று பாருங்கள். போதாது என்றால் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுங்கள். முடிந்தால் த்ரீ ஃபேஸ்.

• வீட்டு மீட்டரிலிருந்து வயர் இழுத்துப் பட்டறை ஓட்டுவது, தோட்டத்து இலவச மின்சார மோட்டார் லைனில் மெஷினை மாட்டுவது இரண்டும் சட்டப்படி தவறு. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் இதற்கு அபராதக் கணக்கு போட்டு வாங்க வழி இருக்கிறது.

• மெஷினுக்கென்று தனி லைன், தனி எம்.சி.பி., சரியான தடிமனில் செம்பு வயர். எத்தனை ஸ்கொயர் எம்.எம். என்பது மீட்டரிலிருந்து மெஷின் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

• ஜங்ஷன் பாக்ஸ், சுருட்டி வைத்த நீள வயர் வேண்டாம். சுருளுக்குள் சூடு தங்கும்.

• கிராமத்து லைனின் கடைசியில் இருக்கும் பட்டறையா? சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் மெஷின் அதை ஈடுகட்ட இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும், வயர் இன்னும் சூடாகும். வோல்ட் மீட்டர் ஒன்று சுவரில் இருக்கட்டும்.

டார்ச்சில் அடித்தால் பிரேக்கர் விழாது

வெல்டிங் மெஷினில் கை பழகியவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். சாதாரண வெல்டிங் மெஷினில், வேலை செய்யாமல் சும்மா இருக்கும்போது ஹோல்டரில் 60 முதல் 90 வோல்ட்தான் இருக்கும். ஈரக் கையில் பட்டால் ‘சுருக்’ என்று அடிக்கும். பலர் அதற்குப் பழகியே போயிருப்பார்கள்.

பிளாஸ்மா டார்ச்சில் டிரிகரை அழுத்தும்போது வருவது 200 முதல் 400 வோல்ட் வரை டி.சி. ஆளைக் கொல்லப் போதுமான வோல்டேஜ் அது.

‘ஆர்.சி.சி.பி. போட்டிருக்கேனே, ஷாக் அடிச்சா ஆஃப் ஆகிடுமே’ என்று தம்பி சொல்லலாம். ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். மெஷினுக்கு வரும் வயரில் கரண்ட் கசிந்தால் அதுதான் காப்பாற்றும். ஆனால், மெஷினுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், டார்ச் பக்கத்துக் கரண்டை இ.பி. லைனிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. டார்ச்சின் முனைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஆள் மாட்டிக்கொண்டால், ஆர்.சி.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. விழாது. அங்கே உயிரைக் காப்பது காய்ந்த கையுறை, காய்ந்த தரை, ரப்பர் அடி வைத்த ஷூ ஆகியவைதான்.

சித்திரை, வைகாசியில் மதுரையில் சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும். வியர்வையில் நனைந்த கையுறை கையுறையே இல்லை. இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். நாசில் மாற்றுவதாக இருந்தால், எத்தனை அவசரமானாலும் மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டுத்தான் டார்ச்சைக் கழற்ற வேண்டும். நல்ல டார்ச்சுகளில் முன் மூடி இல்லாவிட்டால் டிரிகர் வேலை செய்யாதபடி ஒரு பூட்டு இருக்கும். அந்தப் பூட்டை ‘பைபாஸ்’ செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வாங்கும்போது இன்னொன்றும் கேளுங்கள். சில மெஷின்கள் ‘ஹை ஃப்ரீக்வென்ஸி’ முறையில் ஆர்க்கைத் தொடங்கும். பக்கத்தில் உள்ள டி.வி., கம்ப்யூட்டர் போன்றவற்றை அது தொந்தரவு செய்யும். அது இல்லாமல், காற்றழுத்தத்தாலேயே தொடங்கும் மெஷின்களும் உண்டு. வீட்டை ஒட்டிய பட்டறைக்கு இது நல்லது. வீட்டில் இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர் இருந்தால், எந்த வகை மெஷினாக இருந்தாலும் ஓடும்போது அவர் பக்கத்தில் வரவே கூடாது.

எர்த்: கோடையில் ஒரு குடம் தண்ணீர்

எர்த் இரண்டு. இரண்டையும் குழப்பக் கூடாது. ஒன்று, மெஷினின் உடம்புக்கான எர்த். இது பட்டறையின் எர்த் குழிக்குப் போக வேண்டும். இன்னொன்று, வெட்டும் தகட்டில் மாட்டும் எர்த் கிளாம்ப். வெட்டுவதற்கான கரண்ட் திரும்பிப் போகும் வழி அது.

திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல் மண். மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எர்த் அருமையாக இருக்கும். பங்குனி தாண்டினால் அதே மண் பாளம் பாளமாக வெடிக்கும். எர்த் கம்பியைச் சுற்றி மண் விலகி இடைவெளி விழும். குழி இருக்கும், எர்த் இருக்காது. மேலூர் பக்கத்துச் சரளை மண்ணில் ஈரமே தங்காது. ஆகவே குழியை ஆழமாகப் போட்டு, மேலே மூடி வைத்து, கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் கோடையில், எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் டெஸ்டரில் அளந்து பாருங்கள். மழைக்காலத்தில் அளந்தால் எல்லாக் குழியும் பாஸ்தான்.

எர்த் கிளாம்பை வெட்டப்போகும் தகட்டிலேயே, துருவும் பெயின்ட்டும் சுரண்டிய இடத்தில் மாட்டுங்கள். மேஜைக் காலிலோ, ஷெட் தூணிலோ மாட்டினால் கரண்ட் தனக்குத் தோன்றிய வழியில் திரும்பும். வெட்டும் சரியாக வராது. கீழே விழப்போகும் துண்டில் மாட்டாமல், நிற்கும் துண்டில் மாட்டுங்கள்.

காற்று: மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

‘மெஷின் வாங்கி ரெண்டு மாசந்தான் ஆச்சு, நாசில் வாங்கியே கட்டுபடியாகல’ என்று ஒருவர் புலம்பினால், முதலில் அவருடைய கம்ப்ரஸரைப் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. இந்த மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 150 லிட்டர் காற்று கேட்கும். மணிக்கு 9 கன மீட்டர். ஐப்பசி மழையில், 30 டிகிரி புழுக்கத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் வரை நீராவி இருக்கும். 9 × 24 = 216. அதாவது, கம்ப்ரஸர் மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரைக் காற்றோடு உறிஞ்சுகிறது! கொஞ்சம் டேங்கின் அடியில் தேங்கும். மீதி சூடான காற்றோடு ஹோஸ் வழியாக டார்ச்சுக்குப் போகும்.

எலக்ட்ரோடு என்பது ஒரு செம்புத் துண்டு. அதன் நுனி நடுவில் ஹாஃப்னியம் என்ற உலோகம் பொட்டு மாதிரிப் பதிக்கப்பட்டிருக்கும். அந்தச் சூட்டைத் தாங்குவது அந்தப் பொட்டுதான். ஈரமும் எண்ணெயும் கலந்த காற்று வந்தால் பொட்டு சீக்கிரம் குழிவிழும், ஆர்க் கோணலாகும், நாசில் ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போகும்.

செய்ய வேண்டியவை:

• கம்ப்ரஸர் டேங்கின் அடியில் உள்ள வால்வைத் தினமும் காலையில் திறந்து தண்ணீரை வடியுங்கள். மழைக்காலத்தில் மதியமும் ஒருமுறை. வடிக்காவிட்டால் டேங்க் உள்ளேயே துருப்பிடித்து மெலியும். மெலிந்த டேங்க் வெடித்தால் அது வெடிகுண்டு.

• கம்ப்ரஸருக்கும் மெஷினுக்கும் நடுவில் தண்ணீரையும் எண்ணெயையும் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். கம்ப்ரஸரை ஒட்டி வைக்காமல், காற்று கொஞ்சம் ஆறி வரும் தூரத்தில், மெஷினுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

• ஈரம் வருகிறதா என்று பார்க்க எளிய வழி: மெஷினில் ‘ஏர் டெஸ்ட்’ ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டு, டார்ச்சுக்கு முன்னால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடியுங்கள். ஆர்க் வரக் கூடாது, காற்று மட்டும் வர வேண்டும். கண்ணாடியில் பனி படர்ந்தால் ஈரம். பிசுபிசுப்பு இருந்தால் எண்ணெய்.

• காற்றழுத்தம் மெஷின் புத்தகத்தில் போட்டிருப்பதுதான். பெரும்பாலும் 5 முதல் 6 பார். கூட்டினால் நன்றாக வெட்டும் என்பது தப்பு.

• ‘கம்ப்ரஸர் ரிப்பேர், இன்னைக்கு மட்டும் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிக்கலாம்’ என்ற பேச்சே கூடாது. காற்றுக்கென்று செய்த டார்ச்சில் ஆக்சிஜன் போனால் டார்ச்சே தீப்பிடிக்கும்.

இடம்: பொறிக்கு 35 அடி

கேஸ் சிலிண்டர் இல்லாததால் வெடிக்கும் பயம் இல்லை என்பது பாதி உண்மை. உருகிய இரும்புப் பொறி தரையில் விழுந்து உருண்டு 35 அடி வரை போகும் என்பது உலகம் முழுக்கத் தீயணைப்பு விதிகளில் உள்ள கணக்கு. அந்த 35 அடிக்குள் வைக்கோல், சாக்கு, தின்னர், பெயின்ட் டப்பா, பெட்ரோல் வண்டி, சமையல் கேஸ் எதுவும் இருக்கக் கூடாது. நகர்த்த முடியாததைத் தகரம் வைத்து மறையுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பொறி பறக்காதா? ஆனி, ஆடியில் திறந்தவெளியில் வெட்டுவதாக இருந்தால் காற்றடிக்கும் திசை பார்த்துத் தகரத் தட்டி வையுங்கள். பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டரும் மணல் வாளியும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் உடனே பூட்டிவிட்டுப் போகாமல், ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சாக்கு மூட்டைக்குள் புகைந்துகொண்டிருக்கும் பொறி அப்போதுதான் தெரியும்.

அடுத்து, டிரம். பழைய ஆயில் டிரம், தின்னர் டிரம், பூச்சிமருந்து டிரம்மைக் குப்பைத்தொட்டியாகவோ அடுப்பாகவோ வெட்டிக் கேட்டு யாராவது வருவார்கள். காலியாகத் தெரியும் டிரம்தான் நிறைந்த டிரம்மைவிட ஆபத்து. உள்ளே ஆவி நிறைந்திருக்கும். டார்ச் வைத்ததும் வெடிக்கும். ஐந்நூறு ரூபாய் வேலைக்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். ‘முடியாதுண்ணே’ என்று சொல்லத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, சூடு. மெஷின் ஸ்டிக்கரில் ‘டியூட்டி சைக்கிள் 60%’ என்று இருக்கும். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வெட்டலாம், நான்கு நிமிடம் ஆற விட வேண்டும் என்று அர்த்தம். பொதுவாக அது 40 டிகிரி சூட்டில் போட்ட கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் நிழலிலேயே 40-ஐத் தொடும். தகர ஷெட்டுக்குள் கேட்கவே வேண்டாம். அந்த நாட்களில் கனமான வேலையைக் காலையில் முடித்துக்கொள்ளுங்கள். மெஷினுக்கு நான்கு பக்கமும் காற்றோட்டம் வேண்டும். கிரைண்டர் ஓடும் மூலையில் வைக்கவே வைக்காதீர்கள். கிரைண்டர் பொடி இரும்புப் பொடி. மெஷினின் ஃபேன் அதை உள்ளே இழுத்தால் போர்டு ஷார்ட் ஆகும்.

கண்ணும் நெஞ்சும்

பிளாஸ்மா வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் நிறைய இருக்கிறது. கூலிங் கிளாஸ் போதாது. 20 முதல் 40 ஆம்பியருக்கு 5-ம் நம்பர் ஷேடு, 40 முதல் 60-க்கு 6, அதற்கு மேல் 8 என்று வெல்டிங் கண்ணாடி நம்பர் பார்த்து வாங்குங்கள். இது குறைந்தபட்ச அளவு.

வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்தால் உடனே தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், கண்ணுக்குள் மணல் கொட்டிய மாதிரி உறுத்தும். நம் ஊரில் உடனே உருளைக்கிழங்கு வெட்டி வைப்பார்கள், தாய்ப்பால் விடுவார்கள். வேண்டாம், கிருமி சேரும். மருந்துக்கடையில் மரத்துப்போகும் சொட்டு மருந்து வாங்கி நீங்களாகவே விடுவதும் தவறு. வலி தெரியாது, ஆனால் புண் ஆறாது. 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கி உலகமே பார்க்க வரும் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊர் இது. காலையில் கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

பேரப்பிள்ளைக்கு வருவோம். வேடிக்கை பார்க்கும் குழந்தைக்குக் கண்ணாடி கிடையாது. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தட்டி அவசியம். வாசலில் கதவும் கொண்டியும் வையுங்கள். ‘போகாதே’ என்ற சொல்லை விடக் கொண்டி நன்றாக வேலை செய்யும்.

அடுத்தது புகை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017-ல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. பிளாஸ்மா புகையிலும் அதே உலோகங்கள்தான். எவர்சில்வர் வெட்டினால் குரோமியம் புகை, எல்லாவற்றிலும் மோசமானது. ஜி.ஐ. தகடு வெட்டினால் துத்தநாகப் புகை. சாயங்காலம் குளிர்க் காய்ச்சல் மாதிரி நடுக்கும். ‘பால் குடிச்சா சரியாயிடும்’ என்பது பட்டறை நம்பிக்கை. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை.

துண்டு கட்டினால் தூசி கொஞ்சம் நிற்கும், உலோகப் புகை நிற்காது. குறைந்தது என்-95 மாஸ்க் வேண்டும். எவர்சில்வர் வேலை நிறைய இருந்தால் அதைவிட நல்ல ஃபில்டர் மாஸ்க். வெட்டும் இடத்திலேயே புகையை இழுத்து வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். அது வீட்டுச் சமையலறைப் பக்கம் தள்ளக் கூடாது. பெயின்ட் அடித்த தகட்டைச் சுரண்டிவிட்டு வெட்டுங்கள். எண்ணெய் நீக்கும் கெமிக்கல் போட்டுத் துடைத்த தகடு முழுக்கக் காயட்டும். குளோரின் கலந்த சில கெமிக்கல்களின் ஆவியில் இந்த வெளிச்சம் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும்.

உடுப்பு? கைலியும் ரப்பர் செருப்பும் கூடாது. பாலியஸ்டர் சட்டை பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். தடித்த பருத்திச் சட்டை, பேன்ட், ஷூ, தோல் ஏப்ரன், காதுக்குப் பஞ்சு மாதிரி வரும் இயர் பிளக். பட்டறை உடுப்பைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

பராமரிப்பு: சுவரில் ஒட்ட ஒரு பட்டியல்

*தினமும்:* டேங்க் தண்ணீரை வடிக்க வேண்டும். வயர், ஹோஸ், எர்த் கிளாம்ப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெயினை ஆஃப் செய்துவிட்டு நாசிலையும் எலக்ட்ரோடையும் கழற்றிப் பார்க்க வேண்டும். நாசில் ஓட்டை வட்டமாக இல்லை என்றால் மாற்ற வேண்டும். எலக்ட்ரோடு நுனிக் குழி ஒன்றரை மி.மீ. ஆழத்தைத் தொட்டால் மாற்ற வேண்டும். இரண்டையும் ஜோடியாக மாற்றுவது நல்லது. கையால் இறுக்கினால் போதும், கட்டிங் பிளேயர் வேண்டாம். ஆர்க் பச்சை நிறத்தில் தெரிந்தால், பொட்டு தீர்ந்து செம்பு எரிகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கள், இல்லையென்றால் டார்ச்சே போய்விடும்.

*ஒவ்வொரு முறையும்:* வெட்டி முடித்த பிறகும் சில நொடி காற்று வந்துகொண்டே இருக்கும். டார்ச்சை ஆற்றும் காற்று அது. நிற்கும் முன் ஸ்விட்சை அணைக்கக் கூடாது.

*வாரம் ஒருமுறை:* ஃபில்டர் கிண்ணத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கம்ப்ரஸர் சேஃப்டி வால்வை இழுத்துப் பார்க்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழ வேண்டும்.

*மாதம் ஒருமுறை:* பிளக்கைக் கழற்றிவிட்டு, காய்ந்த காற்றை மெதுவாக அடித்து மெஷினின் பக்கத் துளைகளில் தூசியை ஊத வேண்டும். வயர் முனைகள் தளர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். மூடியைத் திறக்க வேண்டி வந்தால், பிளக்கைக் கழற்றிய பிறகும் குறைந்தது ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கி இருக்கும். உள்ளே போய் படுத்துக்கொள்ளும் பல்லிகளும் போர்டை எரிக்கும். வேலை இல்லாத நாளில் மெஷின் மேல் துணி மூடி போடுங்கள், ஓடும்போது கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

*வெட்டைப் பார்த்தே நோயைச் சொல்லலாம்:* பொறி தகட்டுக்கு அடியில், கொஞ்சம் பின்சாய்வாகப் போனால் வேகம் சரி. பொறி மேலே தெறித்தால் வேகம் அதிகம், அல்லது தகடு தடிமன். அடியில் கட்டி கட்டியாகக் கசடு தொங்கினால் வேகம் குறைவு. வெட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் நாசில் தேய்ந்திருக்கலாம்.

யாரிடம் கற்றுக்கொள்வது?

மெஷின் விற்பவர் அரை மணி நேரம் காட்டிவிட்டுப் போவது பயிற்சி ஆகாது. கே.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு விவரம் கேட்கலாம். திருச்சி பெல் வளாகத்தில் 1975-லிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே பயிற்சிகளும் நடக்கின்றன. கடன், மானியம் வேண்டுமானால் மாவட்டத் தொழில் மையம். அங்கே கொடுக்கும் திட்ட மதிப்பீட்டில் மெஷின் விலையை மட்டும் எழுதாமல், வயரிங், எர்த், ஃபில்டர், எக்ஸாஸ்ட், ஷூ, கண்ணாடி எல்லாவற்றையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மெஷின் விலையில் பேரம் பேசுகிறவர்கள்கூட இவற்றைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: ‘‘இதுக்கு நாசிலும் எலக்ட்ரோடும் மதுரையிலேயே கிடைக்குமா? சர்வீஸ் எங்கே?’’ பதில் இழுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கடைசியாக வீட்டில் இருப்பவர்களுக்கு. பட்டறை மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, எப்படி அணைப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப்போய் ஆளைத் தொடக் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். பிறகுதான் ஆள், 108. தீ என்றால் 101. மின்கம்பி, லைன் கோளாறு என்றால் மின்னகம் 94987 94987. இந்த மூன்று எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி, மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே இன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.

*அடுத்த வாரம்: கிரைண்டர் கட்டிங் வீலுக்கும் ‘எக்ஸ்பயரி’ தேதி உண்டு, தெரியுமா?*